வந்தால் சம்பளம், வராவிட்டால் ராஜினாமா

2022, அக்டோபர் 27. வியாழக்கிழமை. சான் ஃபிரான்சிஸ்கோவில் மாலை நாலு மணி.

ட்விட்டர் கம்பெனியின் தலைமை அதிகாரி பராக் அகர்வால் தன் ராஜினாமாக் கடிதத்தை எழுதித் தயாராக வைத்திருந்தார். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. கம்பெனி கைமாறியது என்ற தகவல் வந்ததும் பட்டனைத் தட்டிவிடலாம் என்பது திட்டம்.

வாங்குகிறவர் எலான் மஸ்க். விலை 4,400 கோடி டாலர். ஏப்ரலில் வாங்குகிறேன் என்றார், ஜூலையில் வேண்டாம் என்றார், கோர்ட்டுக்கு இழுத்ததும் அக்டோபரில் மறுபடி சரி என்றார். வெள்ளிக்கிழமை காலைதான் எல்லாம் முடியும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மஸ்க் வியாழக்கிழமை மாலையே முடித்துவிட்டார். 4 மணி 12 நிமிடத்துக்குப் பணம் போய்ச் சேர்ந்தது உறுதியானது. அந்தக் கணமே அகர்வாலுக்கும் மற்ற பெரிய தலைகளுக்கும் டிஸ்மிஸ் கடிதங்கள் பறந்தன. அடுத்த ஆறாவது நிமிடம் அவர்களுடைய மெயில் உள்பட எல்லாக் கதவும் சாத்தியாயிற்று.

அகர்வால் பார்த்தார். ஆபீஸ் மெயில் திறக்கவில்லை. கடிதத்தை எடுத்துத் தன் சொந்த ஜிமெயிலில் போட்டு அனுப்பச் சில நிமிடங்கள் ஆகிவிட்டன. அதற்குள் அவர் டிஸ்மிஸ் ஆனவர். மஸ்க்கின் வாழ்க்கை வரலாற்றை 2023-ல் எழுதிய வால்டர் ஐசக்ஸன் இந்தக் காட்சியை விவரித்திருக்கிறார்.

என்னய்யா இது, போகப்போகிற மனிதர் தானாகப் போனால் என்ன, தள்ளிவிட்டுப் போனால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். இரண்டுக்கும் இடையே இருந்த வித்தியாசம், ஐசக்ஸன் எழுதியபடி பார்த்தால், கிட்டத்தட்ட 20 கோடி டாலர்.

கம்பெனி கைமாறுவதைக் காரணம் காட்டி அவர்களே ராஜினாமா செய்தால் ஒப்பந்தப்படி பெருந்தொகை கொடுத்தாக வேண்டும். தவறு செய்ததற்காக டிஸ்மிஸ் என்றால் கொடுக்க வேண்டியதில்லை. அகர்வாலும் இன்னும் மூன்று முன்னாள் அதிகாரிகளும் 2024 மார்ச்சில் வழக்குப் போட்டார்கள். கேட்ட தொகை 12 கோடியே 80 லட்சம் டாலர். 2025 அக்டோபரில் இரு தரப்பும் சமரசமாகிவிட்டன. எவ்வளவுக்கு என்று வெளியே சொல்லவில்லை.

பெரிய ஆசாமிகளின் கதை இது. இவர்களுக்கு ராஜினாமாவில்தான் பணம். சாதாரண ஊழியருக்குக் கணக்கு அப்படியே தலைகீழ். கம்பெனி அனுப்பினால் ஏதோ கொஞ்சம் கிடைக்கும். தானாகப் போனால் நயா பைசா கிடையாது. எனவே கம்பெனிக்கு எது லாபம்? அவர் தானாகப் போவது. அவரைத் தானாகப் போகவைப்பது எப்படி? இந்த வாரம் நாம் பார்க்கப்போவது அதைத்தான்.

முதலில் இந்த செவரன்ஸ் என்கிற சமாசாரத்தைப் புரிந்துகொள்வோம். ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுக்கிற தொகை. அமெரிக்காவில் எல்லாம் சட்டப்படி நடக்கும் என்று நம்மூரில் ஒரு நம்பிக்கை உண்டு. செவரன்ஸ் கொடு என்று கட்டாயப்படுத்தும் பொதுவான மத்தியச் சட்டம் அமெரிக்காவில் கிடையவே கிடையாது. கொடுத்தால் கம்பெனியின் கொள்கை, இல்லாவிட்டால் ஒப்பந்தம். ரெண்டும் இல்லையென்றால் கைகுலுக்கல்.

இருப்பது ஒரே ஒரு தடுப்பணை. 1988-ல் வந்த சட்டம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'வார்ன்' என்று வரும். எச்சரிக்கை. அதிபர் ரீகனுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் தேர்தல் வருஷம். தடுக்கவும் முடியாமல், கையெழுத்துப் போடவும் மனசு வராமல் சும்மா விட்டுவிட, கையெழுத்தே இல்லாமல் சட்டமாகிவிட்டது. 100 பேராவது வேலை பார்க்கும் கம்பெனி கூண்டோடு ஆட்குறைப்பு செய்வதென்றால் 60 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அத்தனை நாள் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

இந்தச் சட்டத்தில் 'வேலை இழப்பு' என்றால் என்ன என்று விளக்கம் சொல்லும் இடத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. குற்றத்துக்காக நீக்கப்பட்டவர், ஓய்வு பெற்றவர், தானாக முன்வந்து விலகியவர், இந்த மூவரும் கணக்கில் சேர மாட்டார்கள். மூன்றாவது ஆளை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுக்க அவரைச் சுற்றித்தான்.

அகர்வால் போன எட்டாவது நாள், நவம்பர் 4. ட்விட்டரில் சுமார் 7,500 பேர் இருந்தார்கள். பாதிப் பேருக்குக் கல்தா. முந்தின நாள் மாலையே எல்லோருக்கும் மெயில் வந்திருந்தது: ஆபீசுக்கு வராதீர்கள், வழியில் இருந்தால் வீட்டுக்குத் திரும்புங்கள், உங்கள் தலைவிதி காலையில் மெயிலில் வரும். பலருக்கு அந்த மெயிலும் தேவைப்படவில்லை. நடுராத்திரியிலேயே லேப்டாப் செத்துப்போனது. இந்தியாவில் இருந்த சுமார் 200 பேரில் பெரும்பாலோருக்கும் இதே கதிதான்.

உலகம் முழுக்கத் திட்டு. மஸ்க் பதில் சொன்னார். நாளொன்றுக்கு 40 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டம், வேறு வழியில்லை. போனவர்களுக்கு மூன்று மாத செவரன்ஸ் கொடுக்கிறோம், சட்டம் கேட்பதைவிட 50 சதவீதம் அதிகம்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். சட்டம் செவரன்ஸ் எதையும் கேட்கவே இல்லை. கேட்பது 60 நாள் முன்னறிவிப்பு. அதாவது இரண்டு மாதம். கலிஃபோர்னியா ஊழியர்களை ஜனவரி 4 வரை சம்பளப் பட்டியலில் வைத்திருந்தார்கள், வேலை மட்டும் கொடுக்கவில்லை. அந்த இரண்டு மாதத்தோடு இன்னும் ஒரு மாதம். ஆக மூன்று. சட்டப்படி எப்படியும் கொடுத்தே தீரவேண்டிய சம்பளத்தையும் சேர்த்து செவரன்ஸ் என்று பெயர் வைத்தாயிற்று. உண்மையான செவரன்ஸ் ஒரு மாதம்தான்.

பழைய ட்விட்டரில் என்ன கொள்கை? சாதாரண ஊழியருக்கு இரண்டு மாத அடிப்படைச் சம்பளம், மூத்தவர்களுக்கு ஆறு மாதம், அதன்மேல் வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு வாரம் என்று 2023-ல் தொடரப்பட்ட ஒரு வழக்கு சொன்னது. பாக்கி 50 கோடி டாலர் என்றது அந்த வழக்கு. 2024 ஜூலையில் நீதிபதி தள்ளுபடி செய்தார். ஊழியர்கள் அப்பீல் போனார்கள். 2025 ஆகஸ்டில் அதுவும் சமரசத்துக்கு வந்தது.

இங்கே ஒரு விஷயம். அந்த ஜனவரி 4 வரைக்குமான இரண்டு மாதத்தை ஏளனமாக நினைக்காதீர்கள். ஹெச்-1பி விசாவில் இருக்கிற நம்ம பிள்ளைகளைக் கேளுங்கள், சொல்வார்கள். வேலை போன நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள். அதற்குள் இன்னொரு கம்பெனி விசாவை ஏற்க வேண்டும், அல்லது வேறு வழி தேட வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். 2017 ஜனவரியில் வந்த விதி இது. அதற்கு முன்னால் அந்த அவகாசம்கூடக் கிடையாது. சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கிற வரை இந்த 60 நாள் கடிகாரம் ஓடத் தொடங்காது. பாதி வருஷப் படிப்பில் குழந்தை, பாதி கட்டிய கார் லோன், ஊரில் அப்பாவுக்கு ஆபரேஷன் என்று இருக்கிறவனுக்கு, எந்தத் தேதியில் வேலை 'முடிந்தது' என்பது சின்ன விஷயமே அல்ல.

சரி, பாதிப் பேர் போய்விட்டார்கள். மீதிப் பேர்?

நவம்பர் 9 நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், புதிய முதலாளியிடமிருந்து அவர்களுக்கு முதல் மெயில் வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்வது இன்றோடு முடிந்தது. வாரத்துக்கு 40 மணி நேரமாவது ஆபீசில் இருக்க வேண்டும். விலக்கு வேண்டுமென்றால் நானே பார்த்து அனுமதிப்பேன். மறுநாள் கூட்டத்தில் இன்னும் வெளிப்படையாகவே சொன்னார்: வர முடிந்தும் வராதவருடைய ராஜினாமா ஏற்கப்பட்டது.

யார் எழுதிய ராஜினாமா? எப்போது கொடுத்தார்? அதெல்லாம் கேட்கக்கூடாது. வரவில்லை, எனவே கொடுத்துவிட்டீர்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் தன்னுடைய டெஸ்லா கார் கம்பெனியிலும் இதே வாசகத்தை அவர் எழுதியிருந்தார். வராவிட்டால் ராஜினாமா செய்ததாக எடுத்துக்கொள்வோம் என்று. அது வந்த ஓரிரு நாளில், ஆட்களில் 10 சதவீதத்தைக் குறைக்க வேண்டும் என்று மேலதிகாரிகளுக்கு எழுதிய இன்னொரு மெயில் வெளியே கசிந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதே ட்விட்டரில் 2020 மே மாதம், கொரோனா காலத்தில், இனி நீங்கள் விரும்பினால் ஆயுசுக்கும் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று அப்போதைய தலைவர் ஜாக் டோர்ஸி அறிவித்திருந்தார். அதை நம்பி ஊரை மாற்றிக்கொண்டு போனவர்கள் உண்டு. அவர்களுக்குத்தான் இந்த நள்ளிரவு மெயில்.

இந்தக் கலையை மஸ்க் கண்டுபிடித்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு முன்னாலேயே பெரிய வீட்டில் ஒத்திகை நடந்திருக்கிறது. ஐ.பி.எம். அந்தக் கதைக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1973. லாஸ் ஏஞ்சலிஸ் டிராஃபிக் ஜாமில் நொந்துபோன ஜாக் நில்லஸ் என்ற முன்னாள் ராக்கெட் விஞ்ஞானி, ஆளை வேலைக்கு அனுப்புவதற்குப் பதில் வேலையை ஆளிடம் அனுப்பினால் என்ன என்று யோசித்தார். தொலைவிலிருந்து வேலை பார்ப்பதற்கு 'டெலிகம்யூட்டிங்' என்று பெயர் வைத்தது அவர்தான். 1979-ல் கலிஃபோர்னியாவில் ஐ.பி.எம்.மின் ஓர் ஆய்வுக்கூடம், பெரிய கம்ப்யூட்டரில் நெரிசல் தாங்காமல், ஐந்து ஊழியர்களின் வீட்டில் டெர்மினல் வைத்துக் கொடுத்தது. பச்சை எழுத்து மினுக்கும் பெட்டி. 1983-ல் அந்த ஐந்து பேர் சுமார் 2,000 பேர் ஆனார்கள். 2009-ல் ஐ.பி.எம். பெருமையாக ஓர் அறிக்கை வெளியிட்டது. 173 நாடுகளில் இருக்கும் எங்கள் 3,86,000 ஊழியர்களில் 40 சதவீதம் பேருக்கு ஆபீஸ் என்று ஒன்றே கிடையாது. 5 கோடியே 80 லட்சம் சதுர அடிக் கட்டடத்தைக் கைகழுவிக் கிட்டத்தட்ட 200 கோடி டாலர் சம்பாதித்திருக்கிறோம்.

புரிகிறதா? வீட்டிலிருந்து வேலை என்பது ஊழியர் மேல் இருந்த பாசத்தால் வந்த சலுகை இல்லை. வாடகை மிச்சம்.

அப்புறம் காற்று மாறியது. 2013 பிப்ரவரியில் யாஹூவின் புதிய தலைவர் மரிஸ்ஸா மேயர், ஜூன் முதல் எல்லோரும் ஆபீசுக்கு வாருங்கள் என்றபோது ஊரே சிரித்தது. இணையத்தால் பிழைக்கிற கம்பெனி இணையத்தில் வேலை செய்யாதே என்கிறதே என்று. 2017-ல் ஐ.பி.எம்.மும் அதையே செய்தபோது யாரும் சிரிக்கவில்லை. அப்போது ஐ.பி.எம்.மின் வருமானம் 20 காலாண்டாகத் தொடர்ந்து சரிந்துகொண்டிருந்தது. அமெரிக்க மார்க்கெட்டிங் பிரிவில் சுமார் 2,600 பேர். அவர்கள் எல்லோரும் குறிப்பிட்ட ஆறு நகரங்களில் ஒன்றுக்கு வந்துவிட வேண்டும். உங்கள் ஊரிலேயே ஐ.பி.எம். ஆபீஸ் இருந்தாலும் சரி, அது அந்த ஆறில் இல்லையென்றால் செல்லாது. வாருங்கள், அல்லது விலகுங்கள்.

நம்மூர் சர்க்கார் ஆபீஸ்களில் தலைமுறை தலைமுறையாக ஒரு மிரட்டல் உண்டு. 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்.' டிஸ்மிஸ் செய்ய விசாரணை வேண்டும், சார்ஜ் மெமோ வேண்டும், ஆயிரம் காகிதம் வேண்டும். டிரான்ஸ்ஃபருக்கு ஒரு காகிதம் போதும். ஐ.பி.எம். கொடுத்தது நியூயார்க், சான் ஃபிரான்சிஸ்கோ போன்ற தண்ணி இருக்கிற காடுகள்தான். ஆனால் 50 வயதில், கட்டிய வீட்டையும் மனைவியின் வேலையையும் விட்டுவிட்டு அங்கே போய் வாடகைக்கு வீடு பிடிப்பது என்றால்? யாரால் முடியும்? வாலிபனால் முடியும். புரோபப்ளிகா என்ற புலனாய்வு இதழியல் அமைப்பு 2018-ல் எழுதிய நீண்ட கட்டுரை, ஐ.பி.எம். ஐந்து வருடங்களில் 40 வயது தாண்டிய சுமார் 20,000 அமெரிக்க ஊழியர்களை வெளியேற்றியதாக மதிப்பிட்டது. அதிகபட்சம் ஆறு மாதம் என்றிருந்த செவரன்ஸ் ஒரு மாதமாகச் சுருங்கியிருந்தது. 2020-ல் அமெரிக்க அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையமும், வயதைப் பார்த்து ஆட்களை ஒதுக்கியதாக நம்ப நியாயமான முகாந்திரம் இருக்கிறது என்று கண்டறிந்தது. வயதைப் பார்த்து யாரையும் அனுப்பவில்லை என்பதுதான் ஐ.பி.எம்.மின் நிலை.

இப்போது ஒரு சின்ன வண்டி மாற்றம். அமெரிக்காவிலிருந்து கிளம்பி 1953-ம் வருஷத்து இந்தியாவுக்கு வாருங்கள். காரணம் இருக்கிறது. வருகைக்கும் நஷ்டஈட்டுக்கும் முடிச்சுப் போடுகிற வித்தை நம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது.

அந்த வருஷம் ஜவுளி மில்களில் துணி விற்காமல் மலைமலையாகத் தேங்கிவிட்டது. ஷிப்டைக் குறைக்கப்போகிறார்கள், ஆளைக் குறைக்கப்போகிறார்கள் என்று பயம். பிற்பாடு குடியரசுத் தலைவரான வி.வி. கிரி அப்போது தொழிலாளர் அமைச்சர். அக்டோபரில் அவசரச் சட்டம் வந்து, பிறகு தொழில் தகராறு சட்டத்தில் ஓர் அத்தியாயமாகவே நுழைந்தது. வேலையை விட்டே அனுப்பினால் ஒரு மாத நோட்டீஸ், பணி செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். அமெரிக்காவின் மத்தியச் சட்டத்தில் இன்றுவரை இல்லாத உரிமை. மில் தொழிலாளிக்கு நேருவின் இந்தியா அதை 1953-லேயே எழுதிக் கொடுத்தது.

தற்காலிகமாக நிறுத்தி வைத்தால் அதற்குப் பெயர் லே-ஆஃப். இன்றைக்கு ஐ.டி.காரர்கள் 'லே-ஆஃப்ல போயிட்டான்' என்றால் வேலையே போய்விட்டது என்று அர்த்தம். கோவை, மதுரைப் பக்கம் மில் குடும்பங்களில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேறு. வேலை போகவில்லை, மஸ்டர் ரோலில் பேர் இருக்கிறது, இன்றைக்கு ஓட்ட நூல் இல்லை. அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டிலும் பாதி நஷ்டஈடு.

ஆனால் சும்மா கொடுத்துவிடுவார்களா? நிபந்தனை உண்டு. தினமும் ஒரு தடவையாவது, குறித்த நேரத்தில், மில்லுக்கு வந்து வேலைக்குத் தயார் என்று நிற்க வேண்டும். வந்து நின்று இரண்டு மணி நேரத்துக்குள் வேலை கொடுக்காவிட்டால்தான் அன்றைக்கு லே-ஆஃப் என்று கணக்கு. வராவிட்டால் நஷ்டஈடு கிடையாது. வேலை இல்லை என்று அவர்களுக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். இருந்தாலும் சங்கு ஊதும்போது சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் கேட்டில் நிற்க வேண்டும். எத்தனையோ மைல். திரும்பி வர அத்தனை மைல். பாதிச் சம்பளத்துக்கு முழு மிதி. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் தினம் ஒரு தடவை வந்து நிற்கும் நிபந்தனை பத்திரமாக இருக்கிறது.

முதலாளி பக்கமும் ஒரு நியாயம் இல்லாமலில்லை. நஷ்டஈட்டை வாங்கிக்கொண்டே வேறு இடத்தில் வேலைக்குப் போய்விட்டால்? வருகைப் பதிவுதான் அதற்குப் பிடிமானம். ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு வித்தியாசம் கவனியுங்கள். 1953 சட்டத்தில் வராதவர் அன்றைய பாதிக் கூலியைத்தான் இழந்தார். வரவில்லை என்பதற்காக 'ராஜினாமா செய்துவிட்டாய்' என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அந்தத் தாவல் பின்னால் வந்தது.

நம் ஐ.டி. கம்பெனிகளுக்கு ராஜினாமாவின் ருசி நன்றாகவே தெரியும். 2017 ஜூலையில் ஓர் ஒலிப்பதிவு நாடெங்கும் சுற்றியது, கேட்டிருப்பீர்கள். நாளைக் காலை 10 மணிக்குள் நீங்களே ராஜினாமா செய்யுங்கள், இல்லாவிட்டால் நாங்கள் டெர்மினேட் செய்வோம் என்று ஒரு ஹெச்.ஆர். அதிகாரி அமைதியான குரலில் சொல்கிறார். எதிர்முனையில் அந்த ஊழியர் மன்றாடுகிறார். நாடே கொதித்ததும் அந்தக் குழுமத்தின் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். மிரட்டல் எல்லாம் ஒரு கையெழுத்துக்காக. கையெழுத்து விழுந்தால் கம்பெனி யாரையும் அனுப்பவில்லை. அவராகவே போனார்.

மறுபடி ட்விட்டருக்கு வருவோம். கதையின் உச்சம் இனிமேல்தான்.

நவம்பர் 16. மறுபடி நள்ளிரவு மெயில். இந்தத் தலைப்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்: 'எ ஃபோர்க் இன் த ரோட்'. பாதை ரெண்டாகப் பிரிகிற இடம். இனிமேல் நேரம் காலம் பார்க்காமல் முழு மூச்சாக உழைக்க வேண்டும், அதற்குத் தயாரென்றால் கீழே இருக்கிற லிங்க்கில் 'யெஸ்' அழுத்துங்கள். கெடு: மறுநாள் மாலை, நியூயார்க் நேரப்படி ஐந்து மணி. அழுத்தாதவர்களுக்கு மூன்று மாத செவரன்ஸ். 'நோ' என்று ஒரு பட்டனே கிடையாது.

எல்லோரும் அடித்துப்பிடித்து 'யெஸ்' அழுத்துவார்கள் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். நடந்தது வேறு. நூற்றுக்கணக்கானவர்கள் அழுத்தவே இல்லை. சல்யூட் அடிக்கிற ஈமோஜியை ஒருவர் பின் ஒருவராகப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். கட்டடத்தைப் பூட்டினார்கள். யார் இருக்கிறார், யார் போனார் என்றே தெரியாத குழப்பம். அன்றைக்கே மஸ்க் ஒரு படி இறங்கி வந்தார். மேனேஜர் உத்தரவாதம் கொடுத்தால் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று. எட்டு நாளைக்கு முன்னால் உயிர்நாடியாக இருந்த ஆபீஸ் வருகை, ஆள் பற்றாக்குறை வந்ததும் பேரம் பேசக்கூடிய சரக்காகிவிட்டது. ஆபீசுக்கு வருவதால் வேலை நன்றாக நடக்கும் என்கிற வாதத்தில் உண்மை இருக்கலாம். ஆனால் அந்த ஒரு நாளைப் பார்த்தால், உத்தரவு போட்டதன் முதல் நோக்கம் அதுதானா என்ற சந்தேகம் எனக்குத் தீரவில்லை. அடுத்த ஏப்ரலில் பி.பி.சி. பேட்டியில் அவரே சொன்ன எண்ணிக்கை: 8,000-த்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தவர்கள் சுமார் 1,500 பேராகியிருந்தார்கள்.

நவம்பர் 4-ல் போனவர்களுக்குக் கணக்குத் தீர்க்கும் மெயில் ஜனவரி முதல் வாரம் வந்தது. சிலருக்கு அது ஸ்பேம் பெட்டியில் விழுந்து கிடந்தது. ஒரு மாதச் சம்பளம். பதிலுக்கு, கம்பெனி மேல் வழக்குப் போட மாட்டேன் என்று கையெழுத்து. இது ட்விட்டரில் மட்டும் நடக்கிற விஷயம் அல்ல. அமெரிக்காவில் செவரன்ஸ் என்பதே பெரும்பாலும் இந்தக் கையெழுத்துக்கான விலைதான்.

ஆனால் எல்லா நாடும் அமெரிக்கா இல்லையே. ட்விட்டரின் ஐரோப்பிய அலுவலகம் அயர்லாந்து நாட்டின் டப்ளினில் இருந்தது. அங்கே 2013 முதல் வேலை பார்த்த ஒரு மூத்த அதிகாரி. அவரும் அந்த 'யெஸ்' பட்டனை அழுத்தவில்லை. சும்மா இருந்தார். சில நாளில் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது: உங்கள் ராஜினாமா ஏற்கப்பட்டது. நான் எங்கேய்யா ராஜினாமா செய்தேன் என்று அவர் அந்நாட்டின் பணியிட உறவுகள் ஆணையத்துக்குப் போனார்.

கம்பெனி வாதாடியது. மெயிலில் தெளிவாகத்தான் சொல்லியிருந்தோம், இவர் போக வேண்டும் என்று முடிவெடுத்துத்தான் அழுத்தவில்லை, சக ஊழியர்களிடம் அப்படிப் பேசியும் இருக்கிறார். 2024 ஆகஸ்டில் தீர்ப்பு வெளியானது. ஒரு கட்டத்தில் டிக் போடாமல் இருப்பது ராஜினாமா ஆகாது. 24 மணி நேர அவகாசம் என்பது நியாயமான அவகாசமும் இல்லை. இது அநியாயப் பணிநீக்கம். கொடுக்க வேண்டிய தொகை 5,50,000 யூரோவுக்குக் கொஞ்சம் மேல். நம் கணக்கில் ஐந்து கோடி ரூபாய் போல. அந்த ஆணையம் அதுவரை ஒரு தனி ஊழியருக்கு விதித்தவற்றிலேயே மிகப் பெரிய தொகை என்று அயர்லாந்துப் பத்திரிகைகள் எழுதின.

அதே வருஷம் இந்த விளையாட்டை ஒளித்துவைக்கிற வழக்கமும் போய்விட்டது. பாம்பூஹெச்ஆர் என்கிற மனிதவள மென்பொருள் கம்பெனி 2024-ல் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. ஆபீசுக்குத் திரும்பச் சொன்னபோது சிலர் தாங்களாகவே விலகிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தோம் என்று பெரிய அதிகாரிகளில் நாலில் ஒருவர் ஒப்புக்கொண்டார். நவம்பரில் மஸ்க்கும், வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த விவேக் ராமசாமியும் சேர்ந்து வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அமெரிக்க அரசாங்கத்தில் ஆட்குறைப்பு செய்வது எப்படி என்பதுதான் விஷயம். ஊழியர்களை வாரம் ஐந்து நாள் ஆபீசுக்கு வரச் சொன்னாலே அலை அலையாகத் தானாக விலகுவார்கள், அதை வரவேற்கிறோம் என்று அச்சிலேயே சொல்லிவிட்டார்கள்.

2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் பதவியேற்றார். அன்றைக்கே, அரசு ஊழியர்கள் எல்லோரும் ஆபீசுக்குத் திரும்ப வேண்டும் என்று உத்தரவு. எட்டு நாள் கழித்து, ஜனவரி 28 அன்று, சுமார் 20 லட்சம் மத்திய அரசு ஊழியர்களுக்கு ஒரு மெயில் போனது. இப்போது விலகச் சம்மதித்தால் செப்டம்பர் 30 வரை சம்பளம் உண்டு, அதுவரை ஆபீசுக்கு வரவும் வேண்டாம். செவரன்ஸும் ஆபீஸ் வருகையும் ஒரே வாக்கியத்தில்.

மெயிலின் தலைப்பு, 'ஃபோர்க் இன் த ரோட்'.

ஒரு மாற்றம் இருந்தது. இந்தத் தடவை சும்மா இருந்தவர் விலகியவர் ஆகவில்லை. போக விரும்புகிறவர் அந்த மெயிலுக்குப் பதில் எழுத வேண்டும், 'ரிசைன்' என்ற ஒரே வார்த்தையைத் தன் கையால் டைப் அடித்து. பிப்ரவரி 12-ல் ஜன்னலைச் சாத்தியபோது சுமார் 75,000 பேர் சம்மதித்திருந்தார்கள்.